ஒதுங்க இடம் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும்

வாசகர் கேள்வி – செவிலியர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றியவை. அதிலும் வெயிலில் நின்று உழைக்கிறவர்களின் கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். தூத்துக்குடி கடற்கரையோரக் கிராமங்களில் 31 வருடம் சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். என் அம்மாவும் சித்தியும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். அதனால் முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 46 வயது. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. விடியற்காலை நாலு மணிக்குப் போனால் பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும் திரும்ப. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்பினால் முக்கால் பாட்டில் அப்படியே வீட்டுக்கு வருகிறது. கேட்டால் "தாகம் இல்லை" என்கிறார். அடிக்கடி நீர்க்கடுப்பு. இரண்டு தடவை மருந்து வாங்கியும் திரும்ப வருகிறது. அம்மாவை எப்படித் தண்ணீர் குடிக்க வைப்பது?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

மகளே, உன் அம்மாவுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. அவர் தாகத்தை அடக்கிப் பழகியிருக்கிறார். ஏன் என்று உனக்கும் தெரிந்திருக்கும், கடிதத்தில் எழுதக் கூச்சப்பட்டிருப்பாய். நானே எழுதிவிடுகிறேன். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்திதான். ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. ஆண்கள் வரப்பு ஓரமாகத் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? குடித்தால் போக வேண்டி வரும், ஆகவே குடிப்பதில்லை.

என் சித்தி கதையைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பார்க்கிறபோதெல்லாம் "தண்ணி குடிங்க சித்தி" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "குடிக்கிறது பெரிசில்லத்தா, எறக்குறதுக்கு எடம் எங்க இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பயிற்சியில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் துணை சுகாதார நிலையத்து எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கே போனேன். முள் வைத்த பழைய மிஷின். தரை சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வைத்து, வேலை தொடங்கும் முன் சித்தியை நிறுத்தினேன். முள் 52-இல் நின்றது. பதினொன்றரை மணிக்குக் காலைத் துடைத்துவிட்டு, நனைந்திருந்த மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினார். ஐம்பதரை. இடையில் கால் லிட்டர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை, ஒரு தடவையும் ஒதுங்கவில்லை. ஒன்றரைக் கிலோ குறைந்தது என்றால் உடம்பு ஒன்றரை லிட்டர் நீர் கடன்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. இரண்டு பங்கு குறைந்தாலே கை ஓயும், கவனம் சிதறும், இதயம் வேகமாக அடிக்கும். சித்தி அதைத் தினமும் செய்துகொண்டிருந்தார். ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி ஐப்பசி மழை வரும்வரை.

இப்படி நாள்கணக்கில் காய்ந்துபோகும் உடம்பில் முதலில் அடிபடுவது சிறுநீர்ப் பாதை. நீர் குறைவாக இறங்குவதாலும் மணிக்கணக்கில் அடக்குவதாலும் கிருமி தங்கிப் பெருகுகிறது. உன் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கும். கல் உண்டாவதும் இதனால்தான். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். நடு அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், சர்க்கரை வியாதியோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளவயதுக்காரர்கள், சிறுநீரகம் செயலிழந்து கொத்துக்கொத்தாக இறந்தார்கள். கடும் வெப்பத்தில் உழைப்பதும் நீர் வற்றுவதும் இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே பிறகு தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நம் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஆய்வு செய்திருக்கிறார்கள். உன் அம்மாவைப் போன்றவர்களின் பாடு யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்யலாம்?

எழுந்ததும் இரண்டு டம்ளர் நீராகாரம் கொடு. பழைய சோற்றுத் தண்ணீர், உப்பு, கடித்துக்கொள்ள நாலு சின்ன வெங்காயம். வெறும் தண்ணீரைவிட இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உப்பு சேர்ந்த நீர் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். வெறும் தண்ணீரை ஒரேயடியாக ஒரு செம்பு குடித்தால் சீக்கிரமே முட்டிக்கொண்டு வரும். வேலை நடுவிலும் அப்படித்தான், 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளருக்குள் குடித்தால் போதும். அம்மாவிடம் இன்னொன்றும் சொல். வியர்வை ஊற்றுகிற வேலையில் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகவே வெளியேறிவிடும். அவர் பயப்படுகிற அளவுக்கு ஒதுங்க வேண்டி வராது. சித்தியிடம் இதைச் சொல்லி நம்பவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

குடித்தது போதுமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறமே போதும். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தால் நல்லது. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் உடம்பு வற்றிக்கொண்டிருக்கிறது. (சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதனாலேயே பளீர் மஞ்சளாகப் போகும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.)

இடத்துக்கு வருகிறேன். சித்தி வேலை பார்த்த அளத்தில் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து காசு போட்டு, நாலு சவுக்குக் கம்பு நட்டு, பனையோலைத் தட்டி கட்டி, ஒரு குழியும் ஒரு டிரம் தண்ணீருமாக ஒரு மறைப்பு அமைத்தார்கள். கங்காணி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பாத்தியிலிருந்து தள்ளிச் சாலைப் பக்கமாக இடம் காட்டிய பிறகு வழிவிட்டார். அடுத்த வாரமே பாட்டில்கள் காலியாக வீடு திரும்பின. மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் லீவு போடாமல் வர முடிந்தது. ஆனால் அது பெண்கள் தங்கள் கூலியிலிருந்து போட்ட காசு. அவர்கள் போட்டிருக்கக் கூடாத காசு. உப்பளமும் தொழிற்சாலைதான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் முதலாளி தர வேண்டும் என்றது. குடிநீர் இருக்கும் இடத்தில் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடிநீரும் கழிப்பிடமும் தர வேண்டியது முதலாளியின் கடமைதான். அம்மா தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், பத்துப் பேராகக் கேட்கட்டும். சங்கம் இருந்தால் சங்கத்தோடு போகட்டும்.

அதற்கு முன் இந்த வாரமே அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போ. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அது காட்டும்) பார்க்கச் சொல். குளிர் காய்ச்சலோ விலாவுக்குப் பின்னால் வலியோ சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

நான் கொத்தனார். கோயம்புத்தூரில் வேலை. கான்கிரீட் போடுகிற நாட்களில் எட்டு, ஒன்பது லிட்டர் தண்ணீர் குடிப்பேன். அப்படியும் சாயங்காலம் கெண்டைக்காலும் கைவிரல்களும் இழுத்துப் பிடிக்கின்றன. தலைவலி, குமட்டல் வேறு. இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

வேண்டாம் தம்பி. உங்களுக்குத் தண்ணீர் குறையவில்லை, உப்புக் குறைகிறது.

வியர்வையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராமிலிருந்து நாலு கிராம்வரை உப்புப் போகும், ஆளுக்கு ஆள் மாறும். காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் உங்களுக்குச் சற்றே அதிகமாகப் போகிறது. போன இடத்தை வெறும் தண்ணீரால் மட்டும் நிரப்பினால் ரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். தலைவலியும் குமட்டலும் அதனால் வந்திருக்கலாம். மிஞ்சிப்போனால் குழப்பம், வலிப்புவரை கொண்டுபோகும். உயிருக்கே ஆபத்தாகலாம். தண்ணீர் குடித்ததால் வந்தது என்று தெரியாமல், இன்னும் குடி என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஊற்றுவார்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

இழுத்துப் பிடிப்பதற்குத் தசையின் களைப்பும் காரணம். ஆனால் உப்பின் பங்கு பழைய செய்தி. 1920-களிலேயே இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில், புழுக்கத்தில் வேலை செய்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்த தொழிலாளர்களுக்கு இதே குரக்குவலி வந்தது. குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கொடுத்ததும் குறைந்தது.

கட்டட வேலையில் நான் பார்த்த வழக்கம் ஒன்று உண்டு. காலையில் ஒரு டீயும் வடையும் மட்டும், பத்தரை மணிக்குத்தான் சாப்பாடு. வெயில் ஏறுகிற நேரத்தில் வயிறு காலி. உடம்புக்கு உப்புப் போய்ச் சேர்கிற முதல் வழி சாப்பாடுதான். ஆகவே வேலையில் இறங்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள். பழைய சோறும் ஊறுகாயும் என்றாலும் போதும். தண்ணீரை கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தாகமாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டரை எட்ட விட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்வை கொட்டுகிற நாளில், ஒரு லிட்டர் மோரிலோ எலுமிச்சைத் தண்ணீரிலோ கால் டீஸ்பூன் உப்புப் போட்டு இடையிடையே குடியுங்கள். உப்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், வயிற்றைப் புரட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஓடும் ரத்தத்தைக் குறைக்கும். உடம்பு வற்றிப்போயிருக்கிற வேளையில் தினமும் போட்டால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி. உப்பளத்திலும் சூளையிலும் கட்டடத்திலும் இந்த மாத்திரைகளை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள். 40 வயதில் டயாலிசிஸுக்கு வந்து உட்கார்ந்த ஒருவரை நான் அறிவேன். பத்து வருடம் தினம் இரண்டு மாத்திரை போட்டவர். தயவுசெய்து நிறுத்துங்கள் தம்பி. வலி தாங்கவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

கடையில் விதவிதமான டெட்ரா பாக்கெட்டுகளில் 'எனர்ஜி', 'எலக்ட்ரோலைட்' என்று பானங்கள் விற்கிறார்கள். லோடு ஏற்றும் வேலைக்கு அது நல்லதா? ஓ.ஆர்.எஸ். தினமும் குடிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

இரண்டும் வேறு வேறு. ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படியான பொடி 20.5 கிராம் பாக்கெட்டாக வரும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இந்த அளவில்தான் சூட்சுமமே இருக்கிறது. குடலில் குளுக்கோஸ் உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சர்க்கரை மிஞ்சினால் இந்தக் கணக்குக் கெட்டு, வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு இன்னும் கூடிவிடும். 1971-இல் வங்காளதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே புகட்ட வைத்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. செவிலியர் பயிற்சியில் இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு எளிய பொருள், அவ்வளவு உயிர்கள்.

ஓ.ஆர்.எஸ். என்ற அந்தப் பெயரைச் சர்க்கரைப் பானங்களின் அட்டையில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

லோடு வேலைக்குத் தினமும் ஓ.ஆர்.எஸ். தேவையில்லை. மோர், நீராகாரம், எலுமிச்சைத் தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளிலோ, வியர்த்து ஊற்றித் தலைசுற்றிய நாளிலோ ஒரு பாக்கெட் கரைத்துக் குடிக்கலாம். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்மதிப்பாகப் போட்டால் அளவு தப்பும். கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வெயிலில் வேலை செய்துவிட்டு வந்ததும் ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் ஆபத்து என்கிறார்களே?
– வாசகி, மதுரை

ஆபத்து இல்லை. குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மடக் மடக் என்று குடித்தால் சிலருக்கு நெற்றி வலிக்கும், வயிறு பிடிக்கும், அவ்வளவுதான். மெதுவாகக் குடியுங்கள். பானைத் தண்ணீர் இருந்தால் இன்னும் சௌகரியம், அதிகம் குடிக்க முடியும். டீ குடித்தால் உடம்பு வற்றிவிடும் என்பதும் மிகைதான், இரண்டு மூன்று டீ கெடுதல் செய்யாது. பீர் அப்படி இல்லை. வேலை முடிந்து பீரில் தாகம் தீர்க்கிறவர்கள் மறுநாள் காலை வற்றிய உடம்போடுதான் வேலைக்குப் போகிறார்கள்.

தம்பி ஜூன் மாதம் ஷார்ஜாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். முதல் தடவை. எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தவன்தானே, சமாளித்துவிடுவான் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, ராமநாதபுரம்

உங்கள் பயம் நியாயமானது. புது வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில்தான் வியர்வை சீக்கிரம் வரவும், அதில் உப்புக் குறையவும் உடம்பு கற்றுக்கொள்கிறது. வெப்பத்தால் நேரும் சாவுகள் நிறைய நடப்பது வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் வேலை, பிறகு தினம் தினம் கொஞ்சம் கூட்டுவது என்பதே முறை. ஏஜெண்டிடமும் அங்கே உள்ள ஃபோர்மேனிடமும் இதைக் கேட்கச் சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றை அவன் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். கூட வேலை செய்கிறவன் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்ப வாதம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நிழலுக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

அப்பாவுக்கு 63 வயது, பனையேறி. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. "மாத்திரை போட்டால் மரத்தின் மேலே தலைசுற்றுகிறது" என்று, ஏறுகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் ஒரு பக்கம், உப்புப் போட்டு மோர் குடி என்கிற நீங்கள் ஒரு பக்கம். என்ன செய்வது?
– வாசகர், திருச்செந்தூர் வட்டாரம்

அப்பாவின் வேலையை நினைத்தாலே எனக்குக் கால் கூசுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, முப்பது நாற்பது மரம். தலைசுற்றல் அங்கே விளையாட்டல்ல. அதனால் இதற்கு இந்தப் பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அப்பாவின் மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் நேரில் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "இவர் பனையேறி, மாசி முதல் ஆனிவரை வெயிலில் தினமும் மரம் ஏறுகிறார்" என்று சொல்லுங்கள். பல டாக்டர்களுக்கு நோயாளியின் தொழில் தெரிவதே இல்லை, நாமும் சொல்வதில்லை. சொன்னால் பதனி சீசன் முடியும்வரை நீர் மாத்திரையின் அளவைக் குறைக்கவோ, வேறு மாத்திரைக்கு மாற்றவோ, போடும் நேரத்தைத் தள்ளிவைக்கவோ அவரால் முடியும். தானாக விடுவதும் போடுவதுமாக இருந்தால் கொதிப்பு ஏறி இறங்கும், அதுவும் மேலே இருக்கும்போது ஆபத்து.

ரத்தக்கொதிப்பு உள்ளவர் நான் கொத்தனார் தம்பிக்குச் சொன்னபடி கூடுதல் உப்புப் போட்டுக் குடிக்க வேண்டாம். டாக்டர் அளவு சொல்லும்வரை சாப்பாட்டில் உள்ள உப்பு, உப்பில்லாத மோர், தண்ணீர் என்று இருக்கட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, சிலவகைக் கொதிப்பு மாத்திரைகள் சாப்பிட்டாலோ அதையும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வயதானால் தாக உணர்வு மங்கும், அவராகக் கேட்கமாட்டார். மரத்தடியில் கலயத்தோடு ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும், மூன்று மரத்துக்கு ஒரு முறை இறங்கி அரை டம்ளர். தலை லேசாக இருக்கிற அன்று ஏறவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.